யாருக்குத் தெரிகிறது?

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கதைக்கும் கட்டுரைக்கும் இதனால் பெரிய நஷ்டமில்லை. செய்திக்கு உண்டு. திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கியது, பெட்டியை உடைத்தது, நகையோடு கொல்லைப்புறமாக ஓடியது என்று எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பதுபோலப் படித்துக்கொண்டே வரும் வாசகர், முற்றுப்புள்ளிக்கு ஒரு சொல் முன்னால்தான் 'என்று தெரிகிறது' என்பதைச் சந்திக்கிறார். அதுவரை நடந்த சம்பவமாக இருந்தது, அந்த ஒரு வினையால் கேள்விப்பட்ட சம்பவமாக இறங்கிவிடுகிறது. பலர் அந்த இறக்கத்தைக் கவனிப்பதே இல்லை. திருடன் ஏற்கெனவே ஓடிவிட்டான்.

நூலகங்களில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த வினைச்சொல் பழைய கூட்டாளி. தெரிகிறது, தெரியவருகிறது, நமக்குத் தெரியவந்திருக்கிறது. பக்கத்திலேயே இதன் உறவினர்களும் உண்டு: 'வருவதாகக் கேள்வி', 'அப்படியொரு பிரஸ்தாபம்', 'ஊரில் வதந்தி'. இவற்றைப் பொதுவாக நாம் பழைய நடையின் அலங்காரம் என்று சிரித்துவிட்டுத் தாண்டுகிறோம். எனக்கென்னவோ அவை அலங்காரமாகத் தோன்றவில்லை. வதந்திக்கும் கேள்விக்கும் இடையே ஒரு படி, பிரஸ்தாபத்துக்கும் தெரிகிறதுக்கும் இடையே இன்னொரு படி. செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்று வாசகருக்குச் சொல்ல ஒரு ஏணி இருந்தது. இன்று அந்த ஏணியில் ஒரே ஒரு படிதான் மிச்சம். அதன் பெயர் 'கூறப்படுகிறது'.

'தெரி' என்ற வினையே கொஞ்சம் வழுக்கலானது. 'எனக்குத் தெரியும்' என்றால் அறிவு. 'மலை தெரிகிறது' என்றால் காட்சி. 'ஆள் வரமாட்டான் என்று தெரிகிறது' என்றால் ஊகம். மூன்றும் ஒரே வினையின் வேலை. செய்தியாளர் 'தெரியும்' என்று எழுத மாட்டார். அது சாட்சிக் கூண்டில் நின்று சொல்வதைப் போன்றது. அவர் எழுதுவது 'தெரிகிறது'. அறிந்துகொண்டேன் என்கிறாரா, அப்படித் தோன்றுகிறது என்கிறாரா என்பதை வாசகர்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வினைக்கு இன்னொரு குணம் உண்டு. பேச்சில் இது தனியாக நிற்காது. 'யாருக்கு' என்ற கேள்விக்கு விடை வைத்திருக்கும். எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாது. நான்காம் வேற்றுமையில் ஓர் ஆள் எப்போதும் முன்னால் இருப்பார். பழைய பத்திரிகையில் அந்த இடத்தில் 'நமக்கு' என்று ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. ஆசிரியர், நிருபர், பத்திரிகை எல்லாரும் அந்த 'நமக்கு'க்குள் அடக்கம். அது தேய்ந்து மறைந்த பிறகு வினை மட்டும் ஆளில்லாமல் நிற்கிறது. தெரிகிறது. யாருக்கு? பதில் இல்லை.

பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே சொல்லும் வசதி தமிழுக்குப் புதிதில்லை. தொல்காப்பியர் நூல் முழுக்க 'என்ப', 'என்மனார்' என்று முன்னோர் மேல் ஏற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார். பேச்சுத் தமிழில் இதைவிடச் சிக்கனமான கருவி இருக்கிறது: 'ஆம்'. வந்தாராம், அடித்தார்களாம், வேலையை விட்டுவிட்டாராம். ஒரே அசையில் 'நான் பார்க்கவில்லை, சொன்னார்கள்' என்ற முழு வாக்குமூலமும் அடங்கிவிடுகிறது. உலகத்தில் பல மொழிகளுக்கு இந்த வசதி கிடையாது. இவ்வளவு நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு செய்தித்தாள்கள் அதை ஏன் ஒதுக்கின? 'ஆம்' திண்ணையின் குரல் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதில் லேசான ஏளனம் கலந்திருக்கும். 'நாளைக்குத் தந்துவிடுவாராம்' என்றால் தரமாட்டார் என்றே பொருள். கவர்னர் துரை பயணத்தை அப்படி எழுத முடியாது. ஆக 'ஆம்' செய்த அதே வேலைக்கு, அங்கவஸ்திரம் போர்த்திய 'தெரிகிறது' அமர்த்தப்பட்டது.

அமர்த்தியதில் மொழிபெயர்ப்பு மேசைக்குப் பெரிய பங்கு. 1882-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-ல் நாளிதழானது. நாள்தோறும் பக்கத்தை நிரப்ப நாள்தோறும் செய்தி வேண்டும். அதில் கணிசமானது ஆங்கிலத்தில் வந்தது. 1904 நவம்பரில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதிக்கு முக்கியமாக விழுந்த வேலை, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதுதான். அப்போது ரஷ்ய-ஜப்பான் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. போர்ட் ஆர்தர் முற்றுகையின் செய்தி கடலடிக் கம்பிகள் வழியாக, பல கை மாறி, ராய்ட்டர் தந்தியாகச் சென்னைக்கு வந்து சேரும். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே தந்தி எலும்புக்கூடாகத்தான் வரும். அதற்குச் சதை வைக்கும் உதவி ஆசிரியர், எந்த எலும்பு உறுதியானது, எது 'இட் இஸ் ரிப்போர்ட்டட்' என்ற ஐயத்தோடு வந்தது என்பதைத் தமிழில் காட்ட வேண்டும். காட்டுவதற்கு இந்த வினை இருந்தது.

இதில் நான் மதிப்பது ஒன்று உண்டு. அந்தக் காலத் தந்திச் செய்தியின் தலையில் ஊர்ப் பெயரும் தேதியும் இருக்கும். ராய்ட்டர் என்றோ நமது நிருபர் என்றோ வந்த வழியும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே கடைசியில் வரும் 'தெரிகிறது' அனாதை இல்லை. மேலே இருக்கும் 'லண்டன், 3' என்ற வரியோடு அதைச் சேர்த்துப் படித்தால், இந்த ஊரில், இந்த நாளில், இவர்களுக்கு இது இவ்வளவுதான் தெரிந்தது என்று பொருள் முழுமையாகிவிடும். செய்தி தவறாகப் போனாலும் அறிவின் எல்லை ஒளிக்கப்படவில்லை.

இந்த வினையின் பின்னால் பயமும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ராஜதுரோகத்துக்கான 124-ஏ பிரிவு 1870-ல் சேர்க்கப்பட்டது. 1878-ல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்; ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது கிடையாது. மாகாண அரசுகள் இந்திய மொழிப் பத்திரிகைகளைப் படித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, மேலதிகாரிகளுக்கு அறிக்கையாக அனுப்பிக்கொண்டிருந்தன. சென்னையிலும் அது நடந்தது. அதாவது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இரண்டு வாசகர்கள்: காசு கொடுத்து வாங்குகிறவர் ஒருவர், அரசு சம்பளத்தில் மொழிபெயர்க்கிறவர் இன்னொருவர். 1910 பத்திரிகைச் சட்டம் வந்தபோது புதிய அச்சகத்திடம் 500 முதல் 2,000 ரூபாய் வரையிலும், ஏற்கெனவே நடந்துவரும் அச்சகத்திடம் 5,000 வரையிலும் ஜாமீன் கேட்க முடிந்தது. தாசில்தார் லஞ்சம் வாங்கினார் என்பதற்கும் வாங்கியதாகத் தெரிகிறது என்பதற்கும் இடையே ஒரு அச்சகத்தின் ஆயுள் இருந்தது.

கேடயமாகப் பிடித்த இந்த வினை உண்மையில் யாரையும் பெரிதாகக் காப்பாற்றிவிடவும் இல்லை. 1908-ல் சுப்பிரமணிய ஐயர் ராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைதானார். அதே ஆண்டில் பாரதி எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகையின் சட்டபூர்வ ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அரசுக்கு வினைமுற்றில் அக்கறை இல்லை. எழுவாய் யார் என்பதே அதன் கவலை.

பழைய வினை தன் வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1945-ஐப் பார்க்கலாம். ஆகஸ்ட் 18 அன்று தைபேயில் நடந்த விமான விபத்தில் நேதாஜி இறந்ததாக ஜப்பானின் டோமெய் செய்தி நிறுவனம் ஐந்து நாள் கழித்து, 23-ஆம் தேதி அறிவித்தது. சொன்னவர் யார் என்பது செய்தியோடு ஒட்டியே வந்தது: சரணடைந்துவிட்ட ஒரு நாட்டின் செய்தி நிறுவனம். நம்புவதா வேண்டாமா என்று எடைபோடும் உரிமை வாசகர் கையில் இருந்தது, பலர் நம்பவில்லை. நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று முத்துராமலிங்கத் தேவர் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். ஷா நவாஸ் குழு 1956-ல், கோஸ்லா ஆணையம் 1970-ல், முகர்ஜி ஆணையம் 1999-ல் என்று விசாரணைகள் தொடர்ந்தன. எனக்கு அந்த விபத்துச் செய்தி உண்மை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஐயப்பட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். வந்த வழியைச் செய்தி ஒளிக்கவில்லை, அந்த வழியை அவர்கள் நம்பவில்லை. அவ்வளவுதான்.

நேர்மாறாக, 1979 மார்ச்சில் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்தார். 'தகவல் வந்திருக்கிறது' என்ற தயக்கம் எதுவும் இல்லை. அவை இரங்கல் தெரிவித்து ஒத்திவைக்கப்பட்டது, வானொலி அறிவித்தது. ஜே.பி. உயிரோடு இருந்தார், அக்டோபர் 8 வரை இருந்தார். தமிழ்நாட்டுக்கு இதே அனுபவம் 2016 டிசம்பர் 5 மாலையில் வாய்த்தது. முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில தொலைக்காட்சிகள் சொல்ல, கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்க, மருத்துவமனை மறுக்க, கொடி மறுபடி மேலே ஏறியது. இரவு 11.30-க்கு மரணம் என்று பிறகு அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. அன்று மாலை 'தெரிகிறது' என்ற பழைய வினையும், யாருக்குத் தெரிகிறது என்ற ஒரு சொல்லும் போதுமாக இருந்திருக்கும்.

ஆனால் பெரும் சேதம் இப்படிப்பட்ட நாள்களில் நடப்பதில்லை. அது தினமும், உள்ளூர்ப் பக்கத்தில், சத்தமில்லாமல் நடக்கிறது. 'முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.' இந்தத் தொடரைப் படிக்காமல் தமிழ்நாட்டில் ஒரு காலைக் காப்பி இறங்குவதில்லை. கள்ளத்தொடர்பு இருந்தது தெரியவந்துள்ளது. பணத் தகராறு என்று தெரியவந்துள்ளது. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து விழுந்து கை முறிந்தது தெரியவந்துள்ளது. இங்கே 'தெரி' தன் பழைய தயக்கத்தை முழுவதும் இழந்துவிட்டது. ஊகமாக இருந்தது கண்டுபிடிப்பாகிவிட்டது. 'தெரியவந்துள்ளது' என்றால் மறைந்திருந்த ஒரு உண்மை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்றுதான் வாசகர் மனதில் பதியும். நடந்தது என்ன? காவல் நிலையத்தில் ஒரு அதிகாரி ஒன்றைச் சொன்னார், நிருபர் குறித்துக்கொண்டார். 'போலீசார் கூறுகின்றனர்' என்று எழுதியிருந்தால் அது ஒரு தரப்பு. 'தெரியவந்துள்ளது' என்று எழுதியதால் அது தீர்ப்பு.

நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை இந்த வினை கிட்டத்தட்ட முடித்துவிட்டது. 1994 நவம்பர் 30 அன்று இஸ்ரோ உளவு வழக்கில் கேரளப் போலீசார் அவரைக் கைதுசெய்தார்கள். அதன் பிறகு பத்திரிகைகளில் ஓடிய தொடர்கதையை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. மாலத்தீவுப் பெண்கள், ராக்கெட் ரகசியம், கைமாறிய பணம் என்று நாளுக்கொரு அத்தியாயம். எல்லாம் விசாரணையில் தெரியவந்தவை. 1996-ல் சி.பி.ஐ., வழக்கில் சாரமில்லை என்று அறிக்கை தந்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், அவரைக் கைதுசெய்ததே தேவையற்றது என்று கூறி 50 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இடையில் ஏறத்தாழ 24 ஆண்டுகள். இழப்பீட்டைக் கேரள அரசு கட்டியது. 'தெரியவந்துள்ளது' என்று எழுதியவர்கள் எதையும் கட்டவில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, அவர்களுடைய காயங்களுக்கு முதல் தகவல் அறிக்கை தந்த விளக்கம், அவர்களே தரையில் உருண்டு புரண்டார்கள் என்பது. மக்களின் கொந்தளிப்பும், மாஜிஸ்திரேட் விசாரணையும், அந்த நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியமும் இல்லாதிருந்தால், உருண்டு புரண்டதுதான் கடைசிவரை தெரியவந்திருக்கும்.

இந்த வினையின் எதிர்மறை வடிவம் ஈழத்துப் பத்திரிகைகளில் இன்னும் கனமான பாரத்தைச் சுமந்தது. 'இனந்தெரியாத ஆயுததாரிகள்', 'இனந்தெரியாதோரால் சுட்டுக்கொல்லப்பட்டார்'. போர்க்காலத்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இந்தத் தொடரைப் படித்த வாசகருக்கு, சுட்டவர்கள் யாராக இருக்கும் என்பதில் பெரும்பாலும் ஒரு கருத்து இருந்தது. எழுதியவருக்கும் இருந்தது. சந்தியில் தேநீர் குடித்தவருக்கும் இருந்தது. தெரியாது என்று எழுதுவது ஒன்றே எழுதியவரை மறுநாளும் எழுத விட்டது. 2000 அக்டோபரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் தராக்கி என்ற பெயரில் எழுதிய சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2-ஆம் தேதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தைய இரவு, யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் 'இனந்தெரியாத' என்று எழுதியதை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். அது பொய்யுமில்லை. எழுதுகிறவரும் படிக்கிறவரும் பேசிக்கொள்ளாமலே ஏற்றுக்கொண்ட ஒரு சங்கேதம்.

உயிருக்கு ஆபத்தில்லாத இடத்திலும் ஏன் இதே மறைவு? சென்னையில் உட்கார்ந்து 'மர்ம நபர்கள்' என்று எழுதுகிற கைக்கு யாழ்ப்பாணத்துக் காரணம் கிடையாது. பெரும்பாலும் சோம்பல். கொஞ்சம், மறுநாளும் அதே காவல் நிலையத்துக்குச் செய்தி கேட்டுப் போக வேண்டுமே என்ற கவலை.

கைப்பேசிச் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே 'கூறப்படுகிறது' என்பதுகூடப் பழைய மரியாதையாகிவிட்டது. 'தகவல் வெளியாகியுள்ளது', 'பேசப்பட்டு வருகிறது', 'இணையத்தில் பரவி வருகிறது'. வதந்தியை வதந்தி என்று எழுதிய பழைய பத்திரிகை இதைவிட யோக்கியமானது. பரவுகிறது என்பதே ஒரு செய்தியாகிவிட்டால், அது உண்மையா என்று பார்க்கும் வேலை யாருக்கும் இல்லாமல் போகிறது. கூறியவர், தெரிவித்தவர், வெளியிட்டவர் என்ற ஆள் வாக்கியத்திலிருந்து முழுக்க வெளியேறிவிட்டார்.

'கூறப்படுகிறது' போட்டுவிட்டால் அவதூறு வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்றொரு நம்பிக்கை செய்தி அறைகளில் உலவுகிறது. அது பழைய ஜாமீன் காலத்தின் மிச்சம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் இருக்கும் நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவும், ஒருவரைப் பற்றி இழிவானதைச் சொன்னவரோடு வெளியிட்டவரையும் சேர்த்தே பிடிக்கின்றன. பிறர் சொன்னதை வெளியிட்டேன் என்பது தனியாக ஒரு தற்காப்பு ஆகாது. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி வெளியிட்டால் விலக்கு உண்டு. நாடாளுமன்ற நடவடிக்கையை உள்ளபடி வெளியிடுவதற்கும் பாதுகாப்பு உண்டு: பெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956-ல் வந்த சட்டம் நெருக்கடிநிலையின்போது ஒழிக்கப்பட்டு, 1977-ல் திரும்ப வந்தது. இரண்டு விலக்கிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. சொன்னவர் யார், எங்கே சொன்னார் என்பது அங்கே பதிவில் இருக்கிறது. ஆளோடு எழுதினால்தான் சட்டமும் துணை வருகிறது. ஆளில்லாத வினைக்கு அது துணை இல்லை.

செய்தி ஆசிரியர்களிடம் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. 'தெரிகிறது' எழுதுங்கள், அது நல்ல சொல். யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காவல்துறை சொன்னால் காவல்துறை சொன்னது என்று வாக்கியத்தின் தொடக்கத்திலேயே போடுங்கள். தமிழ் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது. வினை கடைசியில் வருவது இலக்கணம், சொன்னவர் பெயர் கடைசியில் வரவேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் வீட்டாரோ என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு ஒரு வரி சேர்க்க முடியாவிட்டால், கேட்க முடியவில்லை என்ற வரியையாவது சேருங்கள். பெயர் சொல்ல முடியாத ஆள் சொன்ன தகவல் என்றால், ஏன் பெயர் சொல்ல முடியவில்லை என்று சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலைப் பேப்பரில் உங்கள் ஊர்ச் செய்தி ஒன்று 'தெரியவந்துள்ளது' என்று முடிந்தால், யாருக்கு, யார் சொல்லி என்று கேட்டு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.